தேவாரத்து டவரும் உடும்பன்சோலை ரேஞ்சும்: ஆறு மாதத் தோட்ட வேலைக்கு எந்த சிம்?

என் சித்தப்பாவும் சித்தியும் 2025 ஜூன் கடைசியில் கேரளத்தில் இருக்கும் உடும்பன்சோலை பக்கம் ஒரு தோட்டத்துக்கு ஏலக்காய் எடுக்கப் போனார்கள். காலையில் ஜீப்பில் ஏறி இருட்டுவதற்குள் ஊர் திரும்பும் வேலை இல்லை இது. லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில் தங்கி, காய் எடுப்பு முடியும்வரை இருந்துவிட்டு, தை பிறப்பதற்குக் கொஞ்சம் முன்னால்தான் இறங்கினார்கள். இந்த ஆறு மாதச் சொச்சத்தில் போனுக்கு என்ன செலவானது, அதில் எவ்வளவு தண்டம் என்று ஒரு நோட்டில் குறித்து வைத்திருந்தேன். மலைக்கு மாதக்கணக்கில் தங்கப் போகும் நம் ஆட்கள் வருடா வருடம் இதே குழியில் விழுவதைப் பார்ப்பதால் முழுக்கதையையும் எழுதுகிறேன்.

எங்கள் ஊர் தேனி மாவட்டம் தேவாரம் பக்கம். வீட்டு வாசலில் நின்று நிமிர்ந்தால் தெரியும் மலைக்கு அந்தப்புறம்தான் உடும்பன்சோலை. நேராகப் பார்த்தால் பக்கம், ஆனால் சாக்குலூத்து மெட்டுப் பாதையை வண்டிப் பாதையாக்கச் சொல்லி எத்தனையோ வருடமாகக் கேட்டும் ஆகாததால், போடிமெட்டு ஏறி பூப்பாறை, சாந்தன்பாறை என்று சுற்றியோ, கம்பம்மெட்டு ஏறி நெடுங்கண்டம் வழியாகவோதான் போக வேண்டும். நாம் சுற்ற வேண்டியிருக்கும் இந்த மலையை டவர் சிக்னல் சுற்றுவதில்லை, நேராக ஏறிவிடுகிறது. அவர்களுக்கு வந்த தொல்லையில் பாதி அதனால்தான் வந்தது.

போகும்போது கையில் இருந்தது

சித்தப்பாவிடம் ஒரு பட்டன் போன். பத்து வருடத்துக்கு மேல் பழைய நம்பர். வங்கி, ஆதார், ரேஷன் கார்டு, நூறு நாள் வேலை எல்லாவற்றுக்கும் கொடுத்திருப்பது அதுதான். சித்தியிடம் மகள் பழசாக்கிக் கொடுத்த ஆண்ட்ராய்டு போன், அதில் அதே கம்பெனியின் தமிழ்நாட்டு சிம். சித்தியின் நம்பருக்குத்தான் மாதாமாதம் மகளிர் உரிமைத் தொகை 1000 ரூபாய் ஏறிய குறுஞ்செய்தி வரும். அந்தச் செய்தி வராவிட்டால் அந்த மாதம் பணமே வரவில்லை என்று சித்தி முடிவு கட்டிவிடுவாள், பணம் கணக்கில் இருந்தாலும். மகள் தேனியில் கல்லூரி படிக்கிறாள், பாட்டியோடு ஊர் வீட்டில் இருக்கிறாள். ராத்திரி எட்டு மணிக்கு மகளோடு பேசாமல் சித்திக்குச் சோறு இறங்காது.

இருவருக்கும் 28 நாள் பேக். வருடத்துக்கு 12 மாதம், ஆனால் 28 நாள் பேக் போட்டால் 13 தடவை ரீசார்ஜ். இந்தக் கணக்கை ஊரில் யாரும் போட்டுப் பார்ப்பதில்லை. 30 நாள் ஓடும் பேக்கும், மாதாமாதம் ஒரே தேதியில் புதுப்பிக்கும் பேக்கும் ஒவ்வொன்றாவது இருக்க வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2022-லேயே உத்தரவு போட்டுவிட்டது. ஆனால் கடைக்காரர் கேட்காமல் அதை எடுத்துக் காட்ட மாட்டார்.

"கேரளாவுக்குக் கேரளா சிம்"

லயத்துக்குப் போன முதல் வாரமே பிரச்சினை. போனில் சிக்னல் இரண்டு கட்டை காட்டுகிறது, ஆனால் கூப்பிட்டால் போகவில்லை, போனாலும் நாலு வார்த்தையில் அறுந்துவிடுகிறது. ராத்திரி சார்ஜ் போட்டு வைத்த போன் மதியத்துக்குள் செத்துவிடுகிறது. லயத்தில் யாரைக் கேட்டாலும் ஒரே பதில்: "தமிழ்நாட்டு சிம் இங்க வேலைக்கு ஆகாது, கேரளா சிம் வாங்கு." அடுத்த ஞாயிற்றுக்கிழமை நெடுங்கண்டத்துக்குப் போய் ஆளுக்கொரு சிம் வாங்கினார்கள். ஆதார் தமிழ்நாட்டு முகவரியில் இருந்ததால் கடையில் தோட்டத்து முகவரியும் ஒரு உள்ளூர் நம்பரும் கேட்டிருக்கிறார்கள், கங்காணி நம்பரைக் கொடுத்து ஒருவழியாக முடித்தார்கள்.

வாங்கியது எந்த கம்பெனி தெரியுமா? ஏற்கெனவே வைத்திருந்த அதே கம்பெனி. பழகிய பெயர் என்று நம்பி.

ஆக ஆளுக்கு இரண்டு சிம். ஊர் நம்பர் சாகக்கூடாது என்று அதற்கு 199 ரூபாய், புது சிம்முக்கு 299 ரூபாய், இரண்டும் 28 நாளுக்கு. ஒருவருக்கு 498, இருவருக்கும் சேர்த்து 996. ஏறக்குறைய இரண்டு நாள் கூலி. சித்தப்பாவின் பட்டன் போனில் டேட்டா என்று ஒன்றைப் பயன்படுத்தவே முடியாது, ஆனாலும் அவருக்கும் தினசரி டேட்டா பேக் போட்டு விட்டிருக்கிறார்கள். இதைக் கேட்டபோது எனக்கு வந்த கோபத்தை இங்கே எழுத முடியாது.

இத்தனைக்குப் பிறகும் பேச்சு சரியாகக் கேட்டதா என்றால், கொஞ்சம் தேவலை, அவ்வளவுதான். அதோடு புது சிம்மில் கம்பெனிக்காரக் குரல் மலையாளத்தில் பேச ஆரம்பித்துவிட்டது. "அந்தப் பொண்ணு என்னமோ சொல்றா, நல்லதா கெட்டதான்னே தெரியல" என்று சித்தி சொன்னாள். பேக் முடியப் போகிறது என்ற அறிவிப்பாக இருந்திருக்கும்.

கேரளா சிம் என்ற பழக்கம் எங்கிருந்து வந்தது

லயத்து ஆட்கள் முட்டாள்தனமாகச் சொல்லவில்லை. அது ஒரு காலத்தில் சரியான யோசனைதான். நம் நாட்டு மொபைல் சேவை 22 சர்க்கிளாக, அதாவது சேவை வட்டாரமாகப் பிரிந்திருக்கிறது, தமிழ்நாடு ஒன்று, கேரளா ஒன்று. 2007-ல் டிராய் வைத்த உச்சவரம்பின்படி ரோமிங்கில், அதாவது சொந்த சர்க்கிளுக்கு வெளியே இருக்கும்போது, வரும் அழைப்புக்கே நிமிடத்துக்கு 1 ரூபாய் 75 காசு வரை பிடிக்கலாம். போன் எடுத்தாலே காசு. 2013 ஜூலையில் அது 75 காசானது, 2015 மே மாதம் 45 காசானது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்தது, ரோமிங் கட்டணம் கிடையாது என்றது. 2017 ஏப்ரலில் ஏர்டெல்லும் நாட்டுக்குள் ரோமிங் கட்டணத்தை எடுத்துவிட்டது. அந்தக் காலத்தில் மலைக்குப் போனவர்கள் மிஸ்டு கால் கொடுத்துவிட்டு, மெட்டுப் பக்கம் ஏறி வந்து பேசிவிட்டுப் போவார்கள். சித்தப்பாவே அப்படிச் செய்தவர்தான். அவர் மனதில் எல்லை தாண்டினால் காசு என்பது அழியாமல் பதிந்து கிடக்கிறது.

இப்போது பேக் போட்ட தமிழ்நாட்டு சிம் கேரளத்தில் எவ்வளவு பேசினாலும் தனியாக ஒரு பைசா இல்லை. அதைவிட முக்கியமான விஷயம், தமிழ்நாட்டு சிம் கேரளத்துக்குள் போனால் அதே கம்பெனியின் கேரளத்து டவரைத்தான் பிடிக்கப் போகிறது. அங்கே போய் அதே கம்பெனியின் கேரளா சிம்மை வாங்கினால் அதற்கும் அதே டவர்தான். கிணறு ஒன்று, வாளி இரண்டு.

அப்படியானால் புது சிம்மில் கொஞ்சம் தேவலையாக இருந்தது ஏன்? இது புரியத்தான் எனக்கு நேரம் பிடித்தது.

மலை மேல் ஒரு ஞாயிற்றுக்கிழமை

ஆகஸ்டில் ஒரு ஞாயிறு நானே போனேன். என் போனில் மூன்று கம்பெனி சிம்களை மாற்றி மாற்றிப் போட்டு, லயம், ஏலக்காய் காயவைக்கும் ஸ்டோர், மேல்காடு, பள்ளக்காடு என்று நாலு இடத்தில் பார்த்தேன். கட்டையை எண்ணவில்லை. ஆண்ட்ராய்டு போனில் செட்டிங்ஸுக்குள் போன் விவரம், சிம் நிலை என்று உள்ளே போனால் சிக்னல் பலம் ஒரு கழித்தல் எண்ணாகக் காட்டும். 4ஜியில் கழித்தல் 90 என்றால் தாராளம், 110 தாண்டினால் இழுபறி, 120-ஐ நெருங்கினால் போன் வெறும் டார்ச் லைட். கட்டை ஒவ்வொரு போனிலும் ஒவ்வொரு கணக்கு, இந்த எண் ஏமாற்றாது. எந்த டவர் என்று காட்டும் இலவச ஆப் ஒன்றையும் இறக்கி வைத்திருந்தேன். கம்பெனிக்கும் சர்க்கிளுக்கும் சேர்த்து ஒரு எண் இருக்கிறது, இந்தியாவில் அது 404 அல்லது 405 என்று தொடங்கும், அதற்கடுத்த இலக்கங்களை வைத்து அது தமிழ்நாட்டு டவரா கேரளத்து டவரா என்று கண்டுபிடித்துவிடலாம்.

லயத்தில் பழைய கம்பெனி சிம்முக்குக் கழித்தல் 118. அதுவும் கேரளத்து டவர் இல்லை, கீழே நம் பக்கத்து டவர்! மலையின் கிழக்கு முகம் செங்குத்தாகத் தேனிப் பக்கம் இறங்குகிறது. சதுரங்கப்பாறை உச்சியில் நின்றால் போடியும் தேவாரமும் காலடியில் கிடப்பதுபோலத் தெரியும். கண்ணுக்குத் தெரிகிற இடத்துக்கு டவரும் எட்டும். பழைய 2ஜியிலேயே ஒரு டவர் 35 கிலோமீட்டர் வரை எட்டலாம் என்பது கணக்கு. லயம் இருப்பது உச்சிக்குக் கொஞ்சம் மேற்கே, ஒரு சரிவில். முகட்டைத் தாண்டி வழிந்து வரும் மிச்ச சிக்னல்தான் அங்கே கிடைக்கிறது.

இரண்டு கட்டை காட்டியும் பேச முடியாததற்குக் காரணம் இதுதான். ஊர்க்கோயில் திருவிழாவில் கட்டும் குழாய் ஒலிபெருக்கி மலை வரை கேட்கும். கேட்கிறதே என்று மலையிலிருந்து நீங்கள் கத்தினால் கோயிலில் எவனுக்காவது கேட்குமா? டவர் பத்து, இருபது வாட்டுகளில் கத்துகிறது. உங்கள் போனால் 4ஜியில் அதிகபட்சம் ஒரு வாட்டில் ஐந்தில் ஒரு பங்கு சக்தியில்தான் பதில் சொல்ல முடியும். கட்டை காட்டுவது டவர் பேசுவது உங்களுக்கு எவ்வளவு கேட்கிறது என்பதை. நீங்கள் பேசுவது டவருக்குக் கேட்கிறதா என்பதை அது காட்டாது. கேட்கவில்லையே என்று போன் முழுச் சக்தியில் கத்திக்கொண்டே இருப்பதால்தான் பேட்டரி மதியத்துக்குள் தீர்ந்துபோகிறது.

அடுத்தது, தமிழ்நாட்டு சிம் ஏன் பக்கத்தில் இருக்கும் கேரளத்து டவரை விட்டுவிட்டு இங்கே தொங்குகிறது என்பது. சிம்முக்கு அதன் சொந்த சர்க்கிள்தான் வீடு. ரோமிங்கில் இருக்கும் போன் சும்மா இருக்காது, வீட்டு டவர் கிடைக்கிறதா என்று இடைவெளி விட்டுத் தேடிக்கொண்டே இருக்கும். வழக்கமாக ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை, சிம்மில் எழுதியிருப்பதைப் பொறுத்து 6 நிமிடத்திலிருந்து 8 மணி நேரம் வரை இந்த இடைவெளி மாறும். கிடைத்துவிட்டால் அது எவ்வளவு நலிந்ததாக இருந்தாலும் ஓடிப்போய் ஒட்டிக்கொள்ளும். உள்நாட்டில் தள்ளியிருக்கும் கட்டப்பனையிலோ தொடுபுழையிலோ இந்தச் சிக்கல் இருக்காது, அங்கே தமிழ்நாட்டு டவர் எட்டாது. முகட்டை ஒட்டிய தோட்டங்களில்தான் இந்த இழுபறி. கேரளா சிம்முக்கு வீடு கேரளம் என்பதால் அது கீழே பார்க்காமல் கேரளத்து டவரிலேயே நின்றது, அதனால் கொஞ்சம் தேவலை.

இதற்கு 299 ரூபாய் தேவையே இல்லை. சித்தியின் போனில் செட்டிங்ஸில் நெட்வொர்க்கைத் தானாகத் தேர்ந்தெடுப்பதை நிறுத்திவிட்டு, பட்டியலில் அதே கம்பெனி பெயர் இரண்டு தடவை வந்ததில் ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்து, கேரளத்து டவரில் நிறுத்தினேன். ஊர் சிம் அப்படியே கழித்தல் 112-க்கு வந்தது. சரி, 112-ம் ஒன்றும் பெருமைப்படுகிற எண் இல்லை. ஆனால் ஒரு பைசா செலவில்லாமல் கேரளா சிம் செய்த வேலையை ஊர் சிம்மே செய்துவிட்டது. ஒரு எச்சரிக்கை, ஊருக்கு இறங்கியதும் இதைத் திரும்பத் தானாக என்று மாற்ற வேண்டும். சித்தி ஒரு தடவை மாற்ற மறந்து, போடியில் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு போனே வேலை செய்யவில்லை என்று கடையில் காட்டி, அவன் பார்த்துச் சொல்ல 50 ரூபாய் வாங்கியிருக்கிறான்.

பக்கத்து அறை போன்

உண்மையான விடை லயத்திலேயே இருந்தது. பக்கத்து அறையில் இருப்பவர்கள் உத்தமபாளையத்து ஆட்கள், அவர்கள் வேறொரு கம்பெனி. அவர்கள் போன் வாசல் திண்ணையில் வைத்தால் நன்றாகப் பேசுகிறது. அந்த கம்பெனி சிம்மை என் போனில் போட்டபோது லயத்தில் 101, ஸ்டோரில் 88. மூன்றாவது கம்பெனிக்கு ஸ்டோரில் அருமையாக இருந்தது, லயத்தில் சுத்தமாக இல்லை. வேறு தோட்டத்தில் இது அப்படியே தலைகீழாகவும் இருக்கும். அதனால்தான் கம்பெனி பெயரைச் சொல்ல நான் தயாராக இல்லை, சொன்னால் யாராவது அதைக் கேட்டு சாந்தன்பாறையில் போய் வாங்கிவிட்டு என்னைத் திட்டுவார்கள்.

கம்பெனிகள் தங்கள் சேவை எங்கெங்கே கிடைக்கிறது என்ற வரைபடத்தைத் தங்கள் தளத்தில் போட வேண்டும் என்று டிராய் 2024-ல் விதி கொண்டுவந்து, இப்போது அந்தப் படங்கள் இருக்கின்றன. போவதற்கு முன் பார்க்கலாம். ஆனால் படத்தில் பச்சையாக இருக்கும் இடத்தில் ஒரு மேட்டுக்குப் பின்னால் லயம் இருந்தால் படம் என்ன செய்யும்? பக்கத்து அறைக்காரரின் போனை ஒரு ராத்திரி கடன் வாங்குவதுதான் நம்பகமான சோதனை. படுக்கிற இடத்தில், எட்டு மணிக்கு, எல்லோரும் பேசிக்கொண்டிருக்கும் நேரத்தில் பார்க்க வேண்டும். பகலில் காட்டும் எண் ராத்திரியில் அதே மாதிரி வேலை செய்யாது, ஒரே டவரை நாலு லயமும் ஸ்டோரும் சேர்ந்து உறிஞ்சும்.

கம்பெனி மாற்றம்

நம்பரை விடாமல் கம்பெனியை மட்டும் மாற்றுவது என்று முடிவானது. ஆவணியில் ஒரு கல்யாணத்துக்கு இருவரும் ஊருக்கு இறங்கினார்கள், அந்த நாலு நாளில் முடித்தோம். PORT என்று எழுதி ஒரு இடைவெளி விட்டு நம்பரை எழுதி 1900-க்கு அனுப்பினால் ஒரு குறியீடு வரும், அது நாலு நாள்தான் செல்லும். அதை எடுத்துக்கொண்டு புது கம்பெனி கடைக்கு ஆதாரோடு போக வேண்டும். ஒரே சர்க்கிளுக்குள் என்றால் மூன்று வேலை நாள், வேறு சர்க்கிளுக்கு என்றால் ஐந்து. நம்பரை வைத்துக்கொண்டே கேரளா சர்க்கிளுக்கு மாற்றிக்கொள்ளவும் 2015 ஜூலை 3 முதல் வழி இருக்கிறது, ஆனால் ஆறு மாதத்தில் திரும்பி வருகிறவர்களுக்கு அது தேவையில்லாத வேலை.

ஒரு சிக்கல் வந்தது. சித்தப்பாவின் பேக் அன்று முடிந்துபோயிருந்தது, கடைக்காரர் 199 போட்டால்தான் 1900-க்கு மெசேஜ் போகும் என்றார். அது தப்பு. பேக் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இந்த மெசேஜை அனுப்பவிட வேண்டும் என்று டிராய் 2021 டிசம்பரில் எல்லா கம்பெனிக்கும் உத்தரவு போட்டிருக்கிறது. அனுப்பிப் பார்த்தோம், போனது. கடைக்காரர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

கேரளாவில் வாங்கிய புது சிம்களை மாற்ற முடியாது, ஒரு சிம் வாங்கி 90 நாள் ஆகாமல் கம்பெனி மாற்றம் கிடையாது. அவற்றை மாற்றவும் தேவையில்லை, ரீசார்ஜ் செய்யாமல் விட்டுவிட்டோம். ஆனால் சும்மா விட்டுவிடக் கூடாது. உங்கள் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்று மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் பார்க்கலாம், ஒருவர் பெயரில் 9 வரைதான் அனுமதி, வேண்டாததை எனக்குத் தேவையில்லை என்று அங்கேயே குறிக்கலாம். தோட்ட வேலைக்கு வருடா வருடம் போகிறவர்கள் ஒவ்வொரு சீசனுக்கும் ஒரு சிம் வாங்கி, எங்கோ பீரோவில் போட்டுவிட்டு மறந்துவிடுகிறார்கள். எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியம்மா பெயரில் பார்த்தபோது ஆறு இருந்தது, அதில் இரண்டு யாரிடம் இருக்கிறது என்று அவருக்கே தெரியவில்லை.

என்ன பேக்

இந்த இடத்தில்தான் காசு மிச்சமானது. சித்தப்பாவுக்குப் பேச்சும் குறுஞ்செய்தியும் போதும். 2024 டிசம்பரில் டிராய், டேட்டா இல்லாமல் பேச்சுக்கும் குறுஞ்செய்திக்கும் மட்டும் தனிப் பேக் கொடுக்கச் சொன்னது, அதற்குப் பிறகுதான் இவை வந்தன. 2025-ல் நாங்கள் பார்த்தபோது ஜியோவில் 84 நாளுக்கு 448 ரூபாய், ஏர்டெல்லில் 84 நாளுக்கு 469 ரூபாய். 28 நாளுக்குப் பிரித்துப் பார்த்தால் 150 ரூபாய்ச் சொச்சம். இரண்டு தடவை போட்டால் 168 நாள், கிட்டத்தட்ட ஒரு சீசன். கடைகளில் இந்தப் பேக்கைக் கேட்டால் அப்படி ஒன்று இல்லை என்பார்கள், ஆப்பில் உள்ளே போய்த் தேடினால் இருக்கும். வாங்குவதற்கு முன் சித்தப்பாவின் பட்டன் போன் 4ஜியில் பேச முடியுமா என்று பார்த்தோம், ஏனென்றால் 4ஜி மட்டும் இருக்கும் கம்பெனிக்குப் பழைய 2ஜி போன் வெறும் பெட்டிதான். முடியவில்லை. வேறு ஒரு 4ஜி பட்டன் போன் வாங்க வேண்டியிருந்தது, அந்தச் செலவையும் நான் கணக்கில் சேர்த்திருக்கிறேன். ஒரே கம்பெனி சிம் மட்டும் ஏற்கும் மலிவுப் போன்களை வேண்டாம் என்றேன். மலையில் அடுத்த வருடம் எந்தத் தோட்டமோ, எந்த டவரோ.

சித்திக்கு 28 நாளுக்கு 299 ரூபாய் டேட்டா பேக். மகளோடு வீடியோவில் பேச, பாட்டு கேட்க. சித்தப்பா எதையாவது பார்க்க ஆசைப்பட்டால் சித்தியின் போனை வாங்கிக்கொள்வார். ஆக இருவருக்கும் சேர்த்து 28 நாளுக்கு 450 ரூபாய்ச் சுற்று. முன்பு ஆனது 996. புது பட்டன் போன் வாங்கிய செலவை முதல் மூன்று மாதத்திலேயே மீட்டாகிவிட்டது.

ஒரே ஒரு தடவை நான் தப்புக் கணக்குப் போட்டேன். ஆரம்பத்தில் சித்தப்பாவின் ஊர் நம்பரை ரீசார்ஜ் செய்யாமலே விட்டு வைக்கலாம், 90 நாள் வரை நம்பர் போகாது, கணக்கில் 20 ரூபாய் இருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு இன்னும் 30 நாள் வைத்திருப்பார்கள் என்ற 2013 விதியை நம்பி யோசனை சொல்லியிருந்தேன். விதி உண்மைதான். ஆனால் அது நம்பரைப் பறிக்காமல் காப்பதற்கான விதி. பேக் முடிந்தால் முதலில் வெளியே போகும் அழைப்பு நிற்கும், கொஞ்ச நாளில் உள்ளே வருவதும் நிற்கும், ஓடிபியும் வராது. வங்கியில் கொடுத்த நம்பரை அப்படி விடக்கூடாது என்று அப்புறம்தான் உறைத்தது. அதுவும் செத்த நம்பர் கொஞ்ச காலத்தில் வேறு யாரோ ஒருவருக்குப் போய்விடும், உங்கள் வங்கிக் குறுஞ்செய்தி அவருக்குப் போகும்.

மழையும் மின்வெட்டும்

செலவைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் இன்னொரு விஷயம் விட்டுப்போகும். ஜூன், ஜூலை மழையில் மின்சாரம் போனால் டவரின் பேட்டரி தீரும்வரைதான் சிக்னல். அதற்கப்புறம் எந்த பேக் போட்டிருந்தாலும் ஒன்றுதான். 2020 ஆகஸ்ட் 6 ராத்திரி மூணாறு பக்கம் பெட்டிமுடியில் லயங்கள் மேல் மலை சரிந்து 70 பேர் போனார்கள், பெரும்பாலும் நம் தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள். மின்சாரமும் போன் தொடர்பும் அற்றிருந்ததால் சேதி வெளியே வர மறுநாள் காலை ஆனது. இதை நினைத்துத்தான் லயத்தில் எட்டு அறைக்காரர்களையும் கூட்டி, எல்லோரும் ஒரே கம்பெனிக்கு மாற வேண்டாம் என்று சொன்னேன். கடைசி அறை அண்ணன் மூன்றாவது கம்பெனியிலேயே இருக்கட்டும், ஸ்டோர் பக்கம் ஓடினால் அது எடுக்கும். அவசர உதவி எண்ணான 112-க்குக் கூப்பிட நம் கம்பெனி டவர்தான் வேண்டும் என்பதும் இல்லை, எந்த கம்பெனி டவர் எட்டினாலும் அந்த அழைப்பு போகும். இது லயத்தில் ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை.

ஸ்டோரில் முதலாளி கேமராவுக்காக ஒரு பிராட்பேண்ட் வயர் இழுத்திருந்தார். சித்தியின் போனில் வைஃபை வழியாகப் பேசும் வசதியைப் போட்டுவிட்டு, மேலாளரிடம் கேட்டு பாஸ்வேர்டு வாங்கினோம். டவரே இல்லாத நாளிலும் அங்கே போய் நின்றால் ஊர் நம்பரிலேயே பேச முடிந்தது. மேலாளர் மலையாளி, நல்ல மனிதர். "ரேஞ்ச் இல்லெங்கில் இவிடெ வா சேச்சி" என்பார். நாம் டவர் இல்லை என்கிறோம், அவர்கள் ரேஞ்ச் இல்லை என்கிறார்கள். பத்து நாளில் சித்தியும் மகளிடம் "ரேஞ்ச் இல்லடி" என்று பேச ஆரம்பித்துவிட்டாள்.

தீராதது ஒன்று, பள்ளக்காடு. ஓடை ஓரமாக இருக்கும் அந்தப் பாத்தியில் மூன்று கம்பெனியும் பூஜ்யம், நான் சோதித்தபோது 112-க்குக்கூட எட்டாது என்றுதான் தெரிந்தது. ஒரு சுற்றுக் காய் எடுத்து முடிக்க அங்கே ஐந்தாறு நாள் இருப்பார்கள். அந்த நாட்களில் மட்டும், சாப்பாட்டு நேரத்தில் சித்தி தூக்குவாளியைத் தூக்கிக்கொண்டு மேலே இருக்கும் பாறைக்கு ஏறிவிடுவாள். அங்கே 104 வரும். மகளும் கல்லூரியில் மதியம் ஒன்று பத்துக்கு வெளியே வந்து நிற்பாள். ஒன்று இருபதுக்குள் கூப்பிடாவிட்டால் மேலாளருக்குக் கூப்பிட வேண்டும் என்று பேசி வைத்திருந்தோம். ஆறு மாதத்தில் இரண்டு தடவை அப்படிக் கூப்பிட வேண்டி வந்தது, இரண்டு தடவையும் சித்தி போனை லயத்திலேயே வைத்துவிட்டுப் போயிருந்தாள்.